செக்குபந்தியில் மட்டும் இருக்கிற தெரு

2022 ஜனவரி, மாட்டுப் பொங்கல் கழிந்த மூணாம் நாள். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஊர் பேரைச் சொல்லி, "வாய்க்காங்கரைத் தெருவுக்குப் போகணும் தம்பி" என்றேன். பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். "மேலத்தெரு, நடுத்தெரு, பள்ளிக்கூடத் தெரு இருக்குக்கா. வாய்க்காங்கரைத் தெருன்னு ஒண்ணு இல்லையே" என்றான். எங்கப்பா பிறந்து வளர்ந்த தெரு, நான் ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவிலும் முட்டி தேய விழுந்து எழுந்த தெரு, அதை இல்லை என்கிறானே என்று எரிச்சல்தான் வந்தது. போய் இறங்கியதும் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. தெற்கே வாய்க்கால் இருந்தது, மதகு இருந்தது. வடக்கே கோயில் குளம் இருந்தது. நடுவில் தெருவைத்தான் காணோம். பதினாலு வீடு வரிசையாக நின்ற இடத்தில் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. உள்ளே நுழைய வழியில்லாமல் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, ஒண்ணு, ரெண்டு என்று விரல் விட்டு எண்ணி, ஆறாவது நம்ம வீடு, அந்தப் பனங்கன்று நிற்கிற இடமாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்து பதினாலு மாதம், திருப்பூரிலிருந்து 17 தடவை போய்வந்து, கிட்டத்தட்ட 1,37,000 ரூபாயைத் தொலைத்த கதை இது. யாராவது முன்னாடியே ரெண்டு விஷயம் சொல்லியிருந்தால் இதில் ஒரு லட்சத்தையாவது மிச்சம் பிடித்திருப்பேன். தாத்தா வீடு, அப்பாயி வீடு என்று ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு, அதை மீட்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு பைத்தியம் பிடித்து அலைந்தேன் என்று புரியாது. எங்கள் தாத்தா தையல்காரர். கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. திண்ணைதான் கடை. வாசலுக்கு வலதுபக்கத் திண்ணையில் மெஷின், இடதுபக்கத் திண்ணையில் துணி கொண்டுவருகிறவர்கள். உள்ளே போனால் ரேழி, அப்புறம் முற்றம், சுற்றி நாலு மரத்தூண், கூடத்து மூலையில் நெல் கொட்டி வைக்க ஆள் உயரத்துக்குப் பத்தாயம். மழை வந்தால் நாட்டு ஓட்டிலிருந்து முற்றத்தில் நாலு பக்கமும் தண்ணீர் கொட்டும், அந்தத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடிப்பார்கள். கொல்லையில் கிணறு, அதற்கப்பால் குளம். எங்களை அப்பா கம்பன் எக்ஸ்பிரஸில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார், அப்போது மீட்டர் கேஜ். பொங்கல் வருவதற்கு முந்தின பத்து நாள் தாத்தா தூங்கினதே இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கை உத்தரத்தில் மாட்டிவிட்டு விடிய விடிய மிதிப்பார். மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் திருப்பூரில் ஏதாவது கம்பெனிக்குள் நுழையும்போது அந்த வாசனை ஒரு நொடி வந்துவிட்டுப் போகும். கூலியைப் பாதிப்பேர் "அறுப்பு முடியட்டும்" என்று சொல்லித்தான் துணி கொடுப்பார்கள். அறுப்பு முடிந்ததும் சிலர் பணமும் சிலர் நெல்லுமாகக் கொண்டுவந்து போடுவார்கள். மெஷின் மேசையில் ஒரு சின்ன இழுப்பறை உண்டு. சாக்குக்கட்டி, நூல்கண்டு, பத்திரம், ரசீது எல்லாம் அதற்குள்தான். இந்த இழுப்பறை பற்றிப் பின்னால் வரும்.

தாத்தா 1983இல் போய்விட்டார், எனக்கு எட்டு வயசு. அப்பாயி 1996 வரை அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் சித்தப்பா குடும்பம் கொஞ்ச நாள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் வந்தன. குறுவை போச்சு, அப்புறம் சம்பாவும் நிச்சயமில்லை என்றாச்சு. விவசாயத்தை நம்பியிருக்கிற ஊரில் தையல்காரனுக்கு மட்டும் எங்கே பிழைப்பு? ஒவ்வொரு வீடாகத் திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பியது. சித்தப்பாவும் 2004இல் திருப்பூருக்கே வந்துவிட்டார். மிச்சமிருந்த நாலு வீட்டை 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் பார்த்துக்கொண்டது. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறின காற்று எங்கள் பக்கத்தில் தென்னையை எல்லாம் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, ஆளில்லாத ஓட்டு வீடு நிற்குமா? விழுந்த வீட்டில் நிலைக்கதவும் தூண்களும் யாரோ பழைய மரம் வாங்குகிற ஆளுக்குப் போனது. விற்றது யார் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும், இங்கே வேண்டாம்.

அப்பா 2021இல் தவறினார். காரியம் முடிந்த கையோடு தம்பி சிங்கப்பூர் போய்விட்டான். "ஊர் இடத்த நீயே பாத்துக்கக்கா, என்ன வேணும்னாலும் செய்" என்றான். எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பாதி ஆசை, அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டி லீவுக்குப் போகணும் என்பது. மீதிப் பாதி, எட்டு செண்ட் சும்மா கிடக்கிறதே என்கிற கணக்கு. எல்லோரிடமும் முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன்.

முதல் தப்பை முதல் மாதமே செய்தேன். காகிதத்தைப் பார்க்கும் முன்னால் மண்ணில் காசைப் போட்டேன். பிப்ரவரியில் ஜேசிபி விட்டுக் கருவேலத்தைத் தள்ளினேன், 14,000 ரூபாய். கொத்தனாருக்குச் சுற்றுச்சுவர் போட 60,000 முன்பணம். அவர் நல்ல மனுஷன், வேலை நின்றதும் செங்கல், கம்பிக்குப் போனதைக் கழித்துக்கொண்டு 20,000 திருப்பிக் கொடுத்தார். "பட்டாவை உங்க பேருக்கு மாத்தித் தர்றது என் பொறுப்புக்கா" என்று ஒருவர் வந்தார். எல்லா ஆபீஸ் வாசலிலும் நிற்கிற ஒரு முகம் இருக்குமே, அந்த மாதிரி முகம். அவருக்கு ரெண்டு தவணையாக 45,000. ரசீது கிடையாது, வாட்ஸ்ஆப்பில் ஒரு கும்பிடு மட்டும்தான். நாலு மாதம் "சர்வேயர் லீவு", "சர்வர் டவுன்", "தாசில்தார் மாறிட்டார்" என்றே ஓடியது. நான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பத்து ரூபாய் வவுச்சர் இல்லாமல் ஒருத்தருக்கும் கொடுக்கமாட்டேன். சொந்தக் காசை இப்படிக் கொடுத்தேன். அந்த மனை மேல் இருந்த மயக்கம்தான், வேறென்ன சொல்ல.

ஜூனில் பொறுக்காமல் நானே விஏஓவைப் பார்க்கப் போனேன். அஞ்சு நிமிஷ வேலை. பழைய புல எண்ணுக்கு இன்றைய எண் எது என்று பார்த்து, எந்த நிலம் யார் பேரில் என்று எழுதியிருக்கிற 'அ' பதிவேட்டைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். பட்டாதாரர் பெயர் இருக்கிற கட்டத்தில் எங்கள் ஊர் சிவன் கோயில் சுவாமியின் பெயர் இருந்தது. "இது கோயில் அடிமனைம்மா. தெரு மொத்தமும் அப்புடித்தான். வீடு மட்டும்தான் குடியிருந்தவங்களுக்கு. வீடு போச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று போனில் அந்தத் தரகரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். டெல்டாவில் கோயிலைச் சுற்றி, குளத்தைச் சுற்றி இருக்கிற பழைய தெருக்களில் பல இடங்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். மேலே நிற்கிற கட்டடம் மட்டும் நம்முடையது. மூணு தலைமுறை குடியிருந்திருக்கலாம், வீட்டு வரி ரசீதும் கரண்ட் கார்டும் தாத்தா பேரில் இருக்கலாம், அதெல்லாம் மண்ணுக்கு உரிமை ஆகாது. நான் இந்த ரெண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1959ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி கோயில் நிலத்தை விற்கவோ, அஞ்சு வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத பத்திரத்தைப் பதிவாளர் பதியமாட்டார். அதனால் "நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்று எவன் வந்தாலும், அவன் முடித்துத் தரக்கூடிய விஷயமே அது இல்லை. நீங்கள் செய்யவேண்டியது, ஒரு ரூபாய் யாருக்கும் கொடுப்பதற்கு முன், புல எண்ணைத் தெரிந்துகொண்டு அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டை நீங்களே பார்ப்பது. மாவட்டம், வட்டம், கிராமம், எண் போட்டால் வந்துவிடும், காசு கிடையாது. அறநிலையத் துறையும் 2021இலிருந்து கோயில் நிலங்களின் விவரத்தைத் தன் இணையதளத்தில் ஏற்றி வருகிறது. பழைய எண் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் புது எண்ணுக்கு விஏஓவிடம் போய்த்தான் ஆகவேண்டும். 1979லிருந்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், யுடிஆர் என்று சொல்வார்களே, அதில் எங்கள் பக்கம் எண்கள் மாறிவிட்டன. அதற்கு முந்தின காகிதத்தில் இருக்கிற எண்ணை அப்படியே இணையத்தில் போட்டால் வேறு யாருடைய வயலோ வந்து நிற்கும். எனக்கு முதல் தடவை ஒரு சுடுகாடு வந்தது.

திரும்பி வரும் வழியில் தஞ்சாவூரில் இறங்கினேன். பெரிய அத்தை மகன் வீட்டில்தான் அத்தை இருக்கிறது. எழுபத்தெட்டு வயசு. ஒவ்வொரு தடவையும் பஸ் தஞ்சாவூர் வழியாகத்தான் போகும், ஆனால் ஏழு தடவை போய்வந்ததில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. லீவு கிடைக்காது, நேரமில்லை, அத்தையைப் பார்த்தால் பங்கு பேச்சு வந்துவிடுமோ என்கிற பயம், எல்லாம்தான். விஷயத்தைச் சொன்னேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏன் பாப்பா, இது தெரியாதா ஒனக்கு? வருசா வருசம் தை மாசம் உங்கப்பாயி கோயிலுக்குப் பகுதி கட்டிட்டு வரும்ல?" என்றது. "முன்னாடியே ஏன் அத்தை சொல்லல?" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்லணும். "நீ கேட்டியா?" என்றது. நாற்பத்தேழு வயசு பாப்பா வாயை மூடிக்கொண்டு சோறு தின்றுவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினேன்.

பகுதி என்பது அடிமனைக்குக் கோயிலுக்குக் கட்டுகிற தொகை. அத்தை அந்த வார்த்தையைச் சொன்னதும்தான் எனக்குள் ஏதோ புரண்டது. பஸ் திருச்சி தாண்டும்போது ஞாபகம் வந்துவிட்டது. மெஷின் இழுப்பறையில் ரோஸ் கலரில் மெல்லிசாகச் சின்னச் சின்னச் சீட்டுகள் இருக்கும், கோயில் முத்திரை போட்டு. மழை நாளில் நானும் தம்பியும் சித்தப்பா பிள்ளைகளும் அந்தச் சீட்டை எடுத்து முற்றத்துத் தண்ணீரில் கப்பல் விடுவோம். நோட்டுப் பேப்பர் கப்பல் சீக்கிரம் ஊறிப்போகும். சீட்டுக் கப்பல் இலேசு, சாக்கடை ஓட்டை வரைக்கும் போகும். அதனால் அதற்குத்தான் அடிதடி. அப்பாயி திட்டியதாகக்கூட நினைவில்லை. அப்பாயிக்கும் அது வெறும் கட்டின காசின் சீட்டுதான் போல.

அந்தச் சீட்டுகள்தான் இப்போது எனக்குத் தேவைப்பட்டன. வக்கீலிடம் போனபோது (5,000 ரூபாய், ஆனால் இந்த மொத்தக் கதையில் உருப்படியாகச் செலவான காசு அதுதான்) ரெண்டு வழி சொன்னார். ஒன்று, தாத்தா வாங்கின மூலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அதில் மனையும் சேர்த்து வாங்கியிருந்தால் பட்டாவில் பிழை என்று கேட்க வழியிருக்கிறது. ரெண்டாவது, மனை கோயிலுடையதுதான் என்றால், தாத்தா பேரில் இருக்கிற அடிமனை வாடகைதாரர் பதிவை வாரிசு என்கிற முறையில் உங்கள் பேருக்கு மாற்றக் கோயிலிடம் மனு கொடுக்கலாம், அதற்குப் பகுதி கட்டின ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும், பாக்கி இருந்தால் கட்டவும் வேண்டும்.

பத்திரம் இழுப்பறையோடு போய்விட்டது. ஆனால் பதிவான பத்திரம் தொலைந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் இருக்கும், மனு போட்டால் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் பத்திர எண் தெரியவேண்டும், குறைந்தபட்சம் வருஷமாவது தெரியவேண்டும். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் எங்கள் கிராமத்துக்கு 1975க்கு அப்புறம்தான் வந்தது, அதில் தாத்தா பேரே இல்லை. அதற்கு முந்தியது கைத்தேடல். தேடுகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணம், அதைவிடத் தேடித் தருகிறவருக்குப் பொறுமை வேண்டும். "நாப்பதுல இருந்து எழுபது வரைக்கும் பாருங்க" என்றால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அத்தைக்குப் போன் போட்டேன். வருஷமெல்லாம் அத்தைக்குத் தெரியாது. "ரெண்டாவது புயல் அடிச்சுச்சுல்ல, ராஜாமடம் பக்கம், அதுக்கு மறு வருசம் ஆவணியில பால் காய்ச்சுனோம். மொதப் புயல்ல இருந்த குடிசை போயிருச்சு, ரெண்டாவதுல போட்ட கொட்டாயும் போயிருச்சு, அதுக்கப்புறந்தான் தாத்தா ஓட்டு வீடு வாங்குனாரு" என்றது. தஞ்சை ஜில்லாவை அடித்த முதல் புயல் 1952 நவம்பர் கடைசி, ரெண்டாவது 1955 நவம்பர் கடைசியில் உருவாகி ராஜாமடம் பக்கம் கரை கடந்தது. அப்படியானால் 1956. அந்த ஒரு வருஷத்தை மட்டும் தேடச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, யார் கல்யாணத்துக்கு முந்தி, எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்று கேளுங்கள், பதிவு அலுவலக ரெக்கார்டு தோற்கிற துல்லியத்தில் வரும். அந்த வீடு 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயலையும் தாங்கியது, அப்போது நான் அங்கேதான் இருந்தேனாம், ரெண்டு வயசு, பத்தாயத்துக்குள் இறக்கி வைத்திருந்தார்களாம். ஆளில்லாமல் கிடந்தபோது வந்த கஜாவைத்தான் தாங்கவில்லை.

பத்திர நகல் கையெழுத்தில் ஆறு பக்கம். "தஞ்சாவூர் ஜில்லா திருத்துறைப்பூண்டி தாலுகா" என்று ஆரம்பிக்கும். நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்ததும் 1991இல்தான், திருவாரூர் பிரிந்தது 1997இல், அதனால் பழைய காகிதம் தேடுகிறவர்கள் இப்போதைய மாவட்டத்தின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். கடைசியில் சொத்து விவரம். அளவு ஜாதியடிக் கணக்கில் இருந்தது: கிழமேல் 28, தென்வடல் 126, ஆக மனை 24½ குழி. எங்கள் பக்கத்தில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. போட்டுப் பார்த்தால் எட்டு செண்டுக்குக் கொஞ்சம் மேல். அப்பா சொன்ன அளவு அப்படியே சரி. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதற்கு முந்தின பக்கத்தை அப்போது ஒழுங்காகப் படிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. அடிமனை சுவாமிக்குப் பாத்தியப்பட்டது என்றும், மேற்படி மனையில் உள்ள ஓட்டுக் கட்டடம், கிணறு, கொல்லை மரவடை மட்டுமே விற்கப்படுகிறது என்றும், வருஷாந்திரப் பகுதியை வாங்குகிறவரே கட்டிவர வேண்டியது என்றும். தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது, அப்பாயிக்குத் தெரிந்திருக்கிறது. அத்தைக்கும் தெரியும். அப்பாவுக்கு மறந்துபோனதா, இல்லை எங்களிடம் சொல்லத் தோன்றவில்லையா, தெரியாது. எங்கள் தலைமுறைக்கு வரும்போது "நம்ம வீடு" என்பது "நம்ம இடம்" ஆகிவிட்டது. பழைய பத்திரம் கிடைத்தால் அளவைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நடுவில் மசமசவென்று வாக்கியம் முடியாமல் ஓடுகிற பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். படிக்க வராவிட்டால் பழைய பத்திர எழுத்தரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரெண்டாவது வழியையும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். தாத்தா இறந்ததைப் பதிவே செய்யவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆன இறப்புக்கு முதலில் பதிவு இல்லை என்று சான்று வாங்கி, அப்புறம் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். இந்த வேலையை, தேவை வருவதற்கு முன்னாலேயே செய்து வையுங்கள். சாட்சி சொல்ல ஆள் உயிரோடு இருக்கும்போதே. ஒரு ஆபீஸில் "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்கள். "இருந்தா நான் ஏன் சார் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து அழுதேன். வாரிசு விஷயத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு நினைப்பும் இருந்தது, பெண்களுக்குச் சீர் செய்தாச்சு, அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று. தாத்தா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதாமல் 1983இல் இறந்தார், அப்படியென்றால் 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன்களுக்கு எவ்வளவோ அதே அளவு அப்பாயிக்கும் மூணு அத்தைகளுக்கும் உண்டு. இதை வக்கீல் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு பெண்தான், அத்தைகளைக் கேட்காமல் ஜேசிபி விட்டவளும் நான்தான்.

கோயில் அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். 1996க்கு அப்புறம் பகுதி கட்டியதாகப் பதிவில்லை, கட்டடமும் இல்லை, ரசீதும் இல்லை, பாக்கியை இன்றைய நியாய வாடகையில் கணக்குப் போட்டால் பெரிய தொகை வரும், அதற்கப்புறமும் கிடைக்கும் என்று உறுதி சொல்லமுடியாது என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருபத்தாறு வருஷம் எட்டிப் பார்க்காத இடம். 2023 மார்ச்சில் விட்டுவிட்டேன். கணக்கை எழுதிப் பார்த்தேன், தொழில் புத்தி போகாதே: தரகர் 45,000, ஜேசிபி 14,000, கொத்தனாரிடம் போனது 40,000, வக்கீல் 5,000, நகல், தேடல், இசேவை மனு எல்லாம் சேர்த்து 2,500, போக்குவரத்து 30,600. சம்பளம் பிடித்த பன்னிரண்டு நாள் தனி. தம்பியிடம் பாதித் தொகைதான் சொன்னேன். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஜேசிபி தோண்டினபோது ஒரு பொருள் மட்டும் வந்தது, தையல் மெஷினின் இரும்பு மிதிபலகை. துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது, ஆனால் அந்தப் பின்னல் வேலைப்பாடு அப்படியே இருந்தது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று, தாத்தாவின் வலது பாதம் பட்ட இடம். அதைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன், கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

அந்தப் பத்திர நகலை அத்தையிடம் காட்டணும் என்று தோன்றியது, ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்த முறை வேறு வேலை எதுவும் இல்லை. பதினெட்டாவது தடவை, கணக்கில் சேர்க்கவில்லை. போனைப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு போட்டேன். வயசானவர்களிடம் "உங்கள் சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ரெண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கையில் ஒரு காகிதம் வைத்துக்கொண்டு அதில் இருப்பதைப் படித்துக் காட்டுங்கள், தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்காகவாவது பேசுவார்கள். நான் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லையைப் படித்தேன். "தெருவுக்கு வடக்கு, குளத்துக்குத் தெற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு." முதல் இன்னார் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "ரங்கூன்காரரு" என்றது. பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி வந்தவராம். கிழக்கே இருந்தவர் வாத்தியார். அங்கிருந்து அத்தை கிழக்கே போக ஆரம்பித்தது, வாத்தியாருக்கு அடுத்தது பால்காரம்மா, அதற்கடுத்தது சைக்கிள் வாடகைக்கு விடுகிற வீடு, பூட்டியே கிடந்த வீடு, மணியார் வீடு. நான் ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ரெண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம்.

நடுவில் ஒன்று சொல்லியது, எனக்குத் தெரியவே தெரியாது. தாத்தாவுக்கு எழுத்து அவ்வளவாக வராதாம். டேப்பை வைத்து அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அளவு நோட்டில் எழுதினது அத்தைதான், பன்னிரண்டு வயசிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும்.

திருப்பூருக்குத் திரும்பி வந்து தாளைப் படம் எடுத்து அத்தைமகனுக்கு அனுப்பினேன், பெரிசு பண்ணிக் காட்டு என்று. ராத்திரி அத்தையே போனில் வந்தது. "பாப்பா, மேற்கால கடைசி வீட்ட விட்டுட்டியே. பதிமூணுதான் போட்ருக்க."

"அது யாரு அத்தை?"

"பேரு வர மாட்டேங்குது. ரெண்டு புள்ளைங்க, மூத்தவன் ராணுவத்துக்குப் போனான்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மார்பு முப்பத்தாறு, கை இருபத்திரண்டரை. எடது தோளு அரை இஞ்சு தாழ்வு, பாத்து வெட்டணும். பேருதான் வரல."